சுவருக்கு எவ்வளவு ஜரிகை?

மதுரையில் விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் பட்டுப் பிரிவில் நிற்கிறவன் நான். வேலைக்குச் சேர்ந்த காலத்திலிருந்து கலரும் ஜரிகையும்தான் பிழைப்பு. அதனால் திருநகரில் இருக்கிற எங்கள் வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கலாம் என்று முடிவானதும், கலர் விஷயத்தை வீட்டில் எல்லோரும் என் தலையில் கட்டிவிட்டார்கள். வேலை முடிந்த பிறகு வந்து பார்த்தவர்கள், "அந்த நீலம் எந்தக் கம்பெனி? மாடத்துல தங்கக் கலர் எப்படி அடிச்சீங்க?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஆளுக்கு ஆள் போனில் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்றுதான் இந்தப் பதிவு.

முதலில் ட்ரெண்டு. அமெரிக்காவில் பான்டோன் என்று ஒரு நிறுவனம், 2000-ஆம் ஆண்டிலிருந்து வருஷத்துக்கு ஒரு நிறத்தை அந்த ஆண்டின் நிறம் என்று அறிவிக்கிறது. அறிவிப்பு பெரும்பாலும் டிசம்பரில் வரும். 2023-இல் மெஜந்தா, 2024-இல் பீச், 2025-இல் மோக்கா, 2026-க்கு ஒரு வெள்ளை. வந்த கொஞ்ச நாளிலேயே கல்யாணப் பெண்கள் போனில் படத்தோடு எங்கள் கடைக்கு வந்துவிடுவார்கள். மோக்கா என்று கேட்டால் நாங்கள் காப்பிக்கொட்டைக் கலரில் நாலைந்து எடுத்துப் போடுவோம். பீச் என்றால் வெளிர் ஆரஞ்சில் ரோஸ் ஓடுகிற ரகம். இதெல்லாம் எங்கள் அலமாரியில் எப்போதும் இருக்கிற நிறங்கள்தான். யாராவது கேட்கிறபோது கீழ்த்தட்டிலிருந்து மேலே வருகின்றன.

வருஷத்துக்கு ஒரு நிறம் பார்ப்பது மதுரைக்கும் பழக்கம்தான். சித்திரைத் திருவிழாவில் தங்கக் குதிரையில் கள்ளழகர் வைகையில் இறங்கும்போது, என்ன கலர் பட்டு உடுத்தி வருகிறார் என்று ஊரே விடிய விடியக் காத்திருக்கும். பச்சை என்றால் நாடு செழிக்கும் என்பது நம்பிக்கை. தங்கத்துக்கு மேலே ஒரே கலரில் ஒரு பட்டு. அந்தக் கூட்டத்தில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், எத்தனை தூரத்திலிருந்தும் அந்த இரண்டும் கண்ணில் நிற்கும்.

ஆகவே ட்ரெண்டு கலர் வேண்டாம் என்று சொல்கிற ஆள் இல்லை நான். பிள்ளைகள் ஆசைப்பட்டுக் கேட்கிற கலரை வீட்டில் அடிக்கத்தான் வேண்டும். எந்தச் சுவரில் அடிப்பது, அதற்குப் பக்கத்தில் எவ்வளவு மினுமினுப்பு வைப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

எங்கள் கடையில் விவரமான வாடிக்கையாளர்கள் ஒரு வேலை செய்வார்கள். சேலை பிடித்துவிட்டால் அதைத் தூக்கிக்கொண்டு நேரே வாசலுக்குப் போய்விடுவார்கள். கடை விளக்கில் ஒரு நிறம், வெயில் வெளிச்சத்தில் ஒரு நிறம், மண்டபத்து விளக்கில் இன்னொரு நிறம் என்று அவர்களுக்குத் தெரியும். சுவரை வாசலுக்குத் தூக்கிப்போக முடியாது. அதனால் கலரைச் சுவரிடம் கொண்டுபோக வேண்டும். பெயிண்ட் கடைகளில் சின்ன சாம்பிள் டப்பா தருகிறார்கள். இரண்டடிக்கு இரண்டடி கெட்டியான வெள்ளை அட்டை ஒன்றில் அதை இரண்டு கோட் அடித்துக் காயவைத்து, அடிக்கப் போகிற சுவரிலேயே தொங்க விடுங்கள். காலையில் பாருங்கள், சாயங்காலம் நாலு மணிக்குப் பாருங்கள், ராத்திரி லைட் போட்டுப் பாருங்கள்.

ஷேடு கார்டில் இருக்கிற நகம் அளவு சதுரத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யவே கூடாது. அதே கலர் சுவர் முழுக்க ஏறும்போது இன்னும் அழுத்தமாகத் தெரியும். நாலு சுவரிலும் அடித்தால் ஒரு சுவரின் நிறம் எதிர்ச் சுவரில் பட்டுத் திரும்பி வந்து, மேலும் ஏறும். அதனால் கார்டில் பிடித்த கலருக்கு ஒரு படி வெளிரான கலரை எடுப்பது நல்லது. சில கம்பெனிகள் ஷேடு விவரத்தில் எல்.ஆர்.வி. என்று ஒரு எண் போட்டிருக்கும். விழுகிற வெளிச்சத்தில் எவ்வளவைத் திருப்பித் தருகிறது என்பதற்கான கணக்கு அது. சுத்தக் கறுப்பு 0, சுத்த வெள்ளை 100. ஜன்னல் குறைவான அறைக்கு அந்த எண் பெரிதாக இருக்கிற கலராகப் பார்த்து எடுத்தால் பகலில் லைட் போட வேண்டியிருக்காது.

எங்கள் ஹாலில் ஜன்னல் மேற்கே. மதுரை வெயிலைச் சொல்ல வேண்டியதில்லை. மத்தியானம் மூன்று மணிக்கு மேல் உள்ளே வருகிற வெளிச்சமே மஞ்சள். மகள் கேட்ட மோக்கா கலர் அட்டையை அங்கே தொங்கவிட்டால், காலையில் அமைதியான பழுப்பாக இருப்பது சாயங்காலம் செங்கல் நிறத்துக்குப் போய்விட்டது. அதே அட்டையைக் கிழக்கு ஜன்னல் இருக்கிற அவள் அறையில் வைத்தோம். சாயங்காலமும் நிறம் மாறவில்லை. அங்கேயே அடித்துவிட்டோம். கட்டில் தலைமாட்டுச் சுவர் மட்டும் மோக்கா, மற்ற மூன்றும் சந்தனம் ஓடுகிற வெள்ளை. அவளுக்கு ரொம்ப சந்தோஷம்.

சிலர் கோயிலைக் காட்டிச் சொல்வார்கள், "மீனாட்சி கோயில் கோபுரத்துல அத்தனை கலர் இருக்கே, நல்லாத்தானே இருக்கு" என்று. நல்லாத்தான் இருக்கிறது. ஆனால் கோபுரம் திறந்த வானத்துக்குக் கீழே உச்சி வெயிலில் நிற்கிறது. அந்த வெயில் பாதி நிறத்தைத் தின்றுவிடும். அந்த உயரத்துக்கும் அந்த வெயிலுக்கும் அவ்வளவு அழுத்தமான கலர்தான் கீழேயிருந்து பார்க்கிறவனுக்கு எட்டும். அதையே பத்துக்குப் பன்னிரண்டு அறைக்குள் கொண்டுவந்தால் உட்காரவே முடியாது.

இனி எல்லோரும் கேட்கிற அந்த நீலம். அது எம்.எஸ். ப்ளூ. 1916-இல் நம் மதுரையில் பிறந்த எம்.எஸ். சுப்புலட்சுமி அம்மாவுக்காகக் காஞ்சிபுரத்தில் சாயம் போட்டு நெய்த பட்டின் நிறம், பிறகு அவர் பேரிலேயே நிலைத்துவிட்டது. இன்றைக்கும் கடையில் "எம்.எஸ். ப்ளூ காட்டுங்க" என்று கேட்டு வருகிறவர்கள் உண்டு. கறுப்பில் போய் முட்டாத ஆழம், ஆனால் வெளிறவும் செய்யாது. எந்த வயதுக்காரருக்கும் எடுபடும். பான்டோன் அறிவித்தாலும் அறிவிக்காவிட்டாலும் அதற்கு வயதாவதில்லை. என் மனைவியின் சேலை ஒன்று அந்தக் கலரில் இருக்கிறது. ஹாலில் ஒரு சுவராவது அந்த நிறத்தில் வேண்டும் என்பது என் வெகு நாள் ஆசை.

அந்தச் சேலையின் ரவிக்கைத் துண்டை எடுத்துக்கொண்டு பெயிண்ட் கடைக்குப் போனேன். நிறத்தை அளக்கிற மெஷினை வைத்துப் பார்த்தார்கள். பட்டு வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும் அல்லவா, துணியை ஒரு பக்கம் திருப்பி வைத்தால் ஒரு ஷேடு, மறு பக்கம் திருப்பினால் வேறு ஷேடு என்று மெஷின் மாற்றி மாற்றிச் சொன்னது. கடைசியில் விசிறி மாதிரி விரிகிற ஷேடு புத்தகத்தை வாசலுக்கு எடுத்துப்போய்க் கண்ணால்தான் பொருத்தினோம். துணியைக் கொடுத்துக் கலர் கேட்கப் போகிறவர்கள், பளபளப்பில்லாத பருத்தித் துணியாகக் கொண்டுபோனால் வேலை சுலபம். சுங்குடிச் சேலைத் துண்டு அருமையாகப் பொருந்தும். வெளிர் நிறம் வேண்டாம், ஊதாவும் அரக்கும்தான் பிடிக்கும் என்பவர்கள் சுங்குடியைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம்.

ஆழமான கலருக்கு வெள்ளை பிரைமர், அதாவது அடிப்பூச்சு, மேல் நேராக ஏறினால் கோட் எண்ணிக்கை கூடிக்கொண்டே போகும். பிரைமரில் கொஞ்சம் சாம்பல் நிறம் கலந்து அடித்தால் நீலம் சீக்கிரம் மூடிவிடும் என்று எங்கள் பெயிண்டர் சொன்னார், அப்படித்தான் செய்தோம். பளபளப்பு எவ்வளவு என்பதையும் முன்னாலேயே முடிவு செய்ய வேண்டும். ஷீன் கூடினால் துடைக்கச் சுலபம், ஆனால் சுவரின் மேடு பள்ளம் எல்லாம் வெளியே வரும். பளபளப்பில்லாத மேட் என்றால் மேடு பள்ளம் மறையும், கைபட்ட இடம் தெரியும். எங்களுடையது பழைய பூச்சுச் சுவர், அதனால் மேட். சோபாவைச் சுவரிலிருந்து அரையடி தள்ளிப் போட்டிருக்கிறோம், யாரும் தலை சாய்க்க முடியாது.

பளபளப்பு என்றதும் ஒன்று சொல்லிவிடுகிறேன். நாயக்கர் மகாலுக்குப் போனால் தூண்களின் பூச்சைத் தொட்டுப் பாருங்கள். 1636 வாக்கில் எழுந்த கட்டடம். கிளிஞ்சல் சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துத் தேய்த்துக் கொண்டுவந்த வழவழப்பு என்று சொல்வார்கள். செட்டிநாட்டு வீடுகளின் சுவரிலும் அதே மாதிரி வேலைதான். ஆத்தங்குடித் தரைக்கல்லும் கண்ணாடித் தகட்டின் மேல் கலரும் சிமெண்டும் ஊற்றி எடுப்பதால்தான் அந்த வழவழப்போடு வருகிறது. இந்தப் பக்கத்து மனிதர்களுக்கு மின்னுகிற சுவர் ஒன்றும் அந்நியமில்லை. உலோகப் பெயிண்ட் என்றதும் முகம் சுளிக்கிற பெரியவர்களுக்கு இதைத்தான் சொல்கிறேன்.

சரி, உலோகக் கலருக்கு வருவோம். இதில்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

நல்ல ஜரிகை எப்படிச் செய்கிறார்கள் தெரியுமா? பட்டு நூலைச் சுற்றி வெள்ளிக் கம்பியைத் தட்டையாக்கிச் சுற்றி, மேலே தங்கப் பூச்சு. உள்ளே நூல் இருப்பதால் அது வளையும், வெளிச்சம் படுகிற இடத்தில் மட்டும் மின்னி, சேலை அசைந்தால் அணையும். பிளாஸ்டிக் ஜரிகை அப்படி இல்லை. எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே மாதிரி மஞ்சளாக ஒளிரும். கையில் எடுத்த உடனே எங்களுக்குத் தெரிந்துவிடும். வீட்டுக்கு வாங்குகிற எந்தத் தங்கக் கலர் சாமானையும் நான் இந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன். கையில் எடுத்துத் திருப்பிப் பாருங்கள். எல்லாக் கோணத்திலும் ஒரே மாதிரி மஞ்சள் அடித்தால் வைத்துவிட்டு வாருங்கள். கொஞ்சம் மங்கிய பழைய தங்கம், தேய்த்த மாதிரி வரி ஓடுகிற பித்தளை, அடியில் பழுப்பு தெரிகிற செம்பு, இவை வீட்டில் நிற்கும்.

அப்புறம் அளவு. சேலையின் அகலம் சுமாராக 48 அங்குலம். இரண்டு பக்கமும் நாலு நாலு அங்குலம் கரை என்றால் ஆறில் ஒரு பங்கு. அதுவே முகூர்த்தச் சேலை அளவுக்குக் கனமானது. உடல் முழுக்க ஜரிகை ஓடுகிற சேலையை ஒரு நாள் கட்டலாம், தினமும் கட்ட முடியாது. நாம் தினமும் இருக்கப் போகிற அறைக்கு ஆறில் ஒரு பங்கே அதிகம். எங்கள் ஹாலில் உலோக நிறம் மூன்றே இடத்தில்: பூஜை மாடத்தின் உட்புறம், நீலச் சுவரின் மேல் விளிம்பில் இரண்டு அங்குலக் கரை, ஜன்னல் கம்பி. உடல் கலருக்கு ஏற்ற ஜரிகை என்றும் ஒரு கணக்கு உண்டு. நீலத்துக்கும் அரக்குக்கும் பழைய தங்கம். சாம்பலுக்கும் வெளிர் ரோஸுக்கும் வெள்ளி. மோக்காவுக்கும் பச்சைக்கும் செம்பு. ஒரே அறையில் இரண்டு உலோகம் வைக்கலாம், ஆனால் ஒன்று பெரிய ஆளாகவும் மற்றது ஒதுங்கியும் இருக்க வேண்டும். மூன்றாவது வேண்டாம்.

மெட்டாலிக் பெயிண்டில் மினுங்குவது பெரும்பாலும் மைக்கா எனும் காக்காப்பொன் செதில்கள். அதன் மேல் டைட்டானியம் டை ஆக்சைடு மெல்லியதாகப் படிந்திருக்கும். சிலவற்றில் அலுமினியச் செதில். ஒவ்வொரு செதிலும் படுத்திருக்கிற திசையைப் பொறுத்துத்தான் வெளிச்சம் திரும்பும். பிரஷ் போன திசையில் செதிலும் படுத்துக்கொள்ளும். இது புரிந்துவிட்டால், இந்தப் பெயிண்ட் ஏன் இவ்வளவு பிடிவாதம் பிடிக்கிறது என்பதும் புரியும்.

எங்கள் பெயிண்டர் மாடத்தை முடித்த விதத்தைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். பழைய சுவரில் ஓதம் இருக்கிறதா என்று முதலில் பார்த்தார். ஓதம் இருந்தால் எத்தனை விலை பெயிண்டும் கொப்பளம் போட்டு உரிந்துவிடும். அப்புறம் பட்டி பார்த்து, காய்ந்ததும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். நமக்கு வழவழப்பாகத்தான் தெரிந்தது. அவர் பல்பு ஒன்றை ஒயரோடு எடுத்து, சுவரை ஒட்டினாற்போலப் பக்கவாட்டில் பிடித்தார். அந்தச் சாய்வு வெளிச்சத்தில் ஒவ்வொரு சின்ன மேடும் நிழலோடு எழுந்து நின்றது. "அண்ணே, இப்ப இதை விட்டோம்னா, மேல தங்கம் ஏறினதும் ஊருக்கே தெரியும்" என்றார். மறுபடி பட்டி, மறுபடி உப்புத்தாள், மறுபடி பல்பு. உலோகப் பெயிண்ட் அடிக்கிற நேரத்தைவிட அதற்கு முந்தைய வேலைக்குத்தான் நேரம். அந்தக் கூலியைக் குறைக்கப் பேரம் பேசாதீர்கள்.

பிரைமருக்கு மேல் நேராக மெட்டாலிக் ஏற்றவில்லை. அதே சாயலில் ஒரு சாதாரண எமல்ஷன் கோட் முதலில். அது காய்ந்த பிறகு, குறுக்கும் நெடுக்குமாகச் சின்னச் சின்ன வீச்சாகத் தங்கம். ஒரே திசையில் இழுத்தால் கோடு கோடாகத் தெரியும் என்பதால் இப்படி. நடுவில் நிறுத்தக் கூடாது. ஓரம் காய்ந்துவிட்டால் அடுத்த வீச்சு அதன் மேல் ஏறி ஒரு பட்டை விழும். டீ வந்தபோது கூட அவர் இறங்கவில்லை, மாடம் முடிந்த பிறகுதான் டம்ளரைத் தொட்டார். பெரிய சுவர் என்றால் இரண்டு பேர் ஒரே நேரத்தில் நின்று அடிப்பதே சரி. மேலே ஓடுகிற கரைக்கு மாஸ்கிங் டேப் ஒட்டி அடித்தார். பெயிண்ட் முழுக்கக் காயும் முன்னாலேயே டேப்பைத் தன் மேலேயே மடித்தபடி மெதுவாக உரித்தார். நன்றாகக் காய்ந்த பிறகு உரித்தால் ஓரம் பிய்ந்து வரும். கீழே நின்று பார்க்கும்போது கத்தரித்த மாதிரி ஒரு கோடு. பட்டில் கரையும் உடலும் சேர்கிற இடம் அப்படித்தான் இருக்கும்.

ஒன்றை நினைவில் வையுங்கள். மெட்டாலிக் சுவரில் கீறல் விழுந்தால் அந்த இடத்தில் மட்டும் தொட்டு அடிக்க முடியாது, திட்டு தெரியும். மூலையிலிருந்து மூலை வரை அடிக்க வேண்டும். குழந்தைகள் சைக்கிள் ஓட்டுகிற வராந்தா, நாற்காலி இடிக்கிற சாப்பாட்டு அறை இவற்றுக்கு இது வேண்டாம்.

ராத்திரி லைட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் பெரும்பாலும் 6500 கெல்வின் வெள்ளை டியூப்தான். கெல்வின் என்பது வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்கிற எண்; கூடினால் நீலம் ஓடும், குறைந்தால் மஞ்சள் ஓடும். அந்த நீலம் ஓடுகிற வெளிச்சத்தில் தங்கம் பச்சைக்குப் போகும், செம்பு செத்துப்போகும். மாடத்துக்கு மேலேயும் கரை ஓடுகிற பக்கமும் 3000 கெல்வின் எல்.இ.டி. போட்டிருக்கிறோம். பெட்டியிலேயே எண் போட்டிருக்கும். பிள்ளைகள் படிக்கிற இடத்தில் வெள்ளை டியூப் அப்படியே இருக்கட்டும். பல்பை மட்டும் மாற்றினாலே பாதி வீடு புதிதாகத் தெரியும், அதையும் பெயிண்ட் வாங்குவதற்கு முன்னாலேயே மாற்றிவிடுங்கள்.

குழாய், கைப்பிடி வாங்குகிறவர்களுக்கு: எங்கள் பக்கம் போர் தண்ணீர் உப்பு. பளிச்சென்ற தங்கக் குழாயில் ஒவ்வொரு சொட்டும் வெள்ளைப் புள்ளியாகக் காய்ந்து நிற்கும். வரி ஓடுகிற பிரஷ்டு பினிஷில் அது அவ்வளவாகத் தெரியாது. பி.வி.டி. என்கிற, ஆவியாக்கி மெல்லிசாகப் படியவைக்கிற முறையில் ஸ்டீலின் மேல் டைட்டானியம் நைட்ரைடு படியவைத்த தங்க நிறம், சாதாரண முலாமைவிட நெடுநாள் உழைக்கும். விலை கூடத்தான். எதுவாக இருந்தாலும் பாத்ரூம் கழுவுகிற ஆசிட்டை அதன் பக்கத்திலேயே கொண்டுபோகாதீர்கள். புகை பட்டாலே கறுக்கும்.

சொந்தப் பித்தளை வைத்திருப்பவர்கள் புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். பாட்டியின் அண்டா, உருளி, குத்துவிளக்கு இருந்தால் அதற்கு ஈடு எதுவும் கடையில் இல்லை. புளி போட்டுத் தேய்த்தால் புளியின் அமிலம் கறுப்பைக் கரைத்துவிடும், உடனே கழுவி ஈரம் போகத் துடைக்க வேண்டும். அலங்காரத்துக்கென்று விற்கிற பித்தளையில் மேலே நிறமில்லாத வார்னிஷ் பூச்சு இருக்கும். அதற்குப் புளி வேண்டாம், பூச்சு திட்டுத் திட்டாகப் போய்விடும். ஈரத்துணி போதும். பழைய பித்தளை தேடுகிறவர்கள், புதுமண்டபத்தில் இருந்த கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன, அங்கே போய்ப் பாருங்கள்.

வாடகை வீட்டில் இருக்கிறோம், சுவரைத் தொட முடியாது என்று என்னோடு வேலை பார்க்கும் தம்பி ஒருவர் கேட்டார். அவருக்குச் சொன்னதையே எழுதுகிறேன். கிழிந்துபோன பட்டுச் சேலை ஒவ்வொரு வீட்டிலும் ஒன்றாவது இருக்கும். உடல் நைந்திருக்கும், கரை நன்றாக இருக்கும். கரையை மட்டும் வெட்டி, ஒரே கலர் பருத்தி உறையின் ஓரத்தில் தைத்தால் குஷன் தயார். இந்த வருஷத்து ட்ரெண்டு கலர் எதுவோ அது உறைத் துணியில் இருக்கட்டும், அடுத்த வருஷம் துணியை மாற்றிவிட்டு அதே கரையை வைத்துத் தைக்கலாம். வெட்டுகிற இடத்தில் ஜரிகை பிரியும், அதனால் வெட்டுவதற்கு முன்னாலேயே இரண்டு பக்கமும் ஒரு தையல் ஓட்டிவிடுங்கள். சென்ட்டை அதன் மேல் அடிக்காதீர்கள், வெள்ளி கறுத்துவிடும். தெற்கு மாசி வீதிப் பக்கம் டெய்லர்களிடம் கொடுத்தால் தைத்துத் தருவார்கள், கரையைத் திருப்பி வைக்காமல் தைக்கச் சொல்லிவிட்டு வாருங்கள்.